சிம்பலில் எதற்காக ரிவிட் அடிக்கிறார்கள்?

பேச்சுவழக்கில் ஒருவருக்கு ரிவிட் அடிப்பது என்றால் அவரை நைசாகக் கவிழ்த்துவிடுவது. டிரம்ஸ் வாசிப்பவர்களிடம் கேட்டால் வேறு அர்த்தம் சொல்வார்கள். ஸ்டாண்டில் மாட்டி ஸ்டிக்கால் தட்டும் வட்டமான உலோகத் தட்டுதான் சிம்பல். நன்றாக இருக்கிற ஒரு சிம்பலை எடுத்து, ஓரத்தில் டிரில் போட்டு ஓட்டையிட்டு, அந்த ஓட்டைகளில் சின்னச் சின்ன உலோக ஆணிகளைத் தொங்கவிடுவதுதான் அவர்களுக்கு ரிவிட் அடிப்பது. முதல் முறை இதைக் கேள்விப்பட்டபோது இரண்டு அர்த்தமும் ஒன்றுதான் போல என்று நினைத்தேன். காசு கொடுத்து வாங்கிய சிம்பலுக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஆப்பு!

அப்புறம் அந்த ஓசையைக் கேட்டேன். தாளத்தைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே போவதற்கான சாதாரண ரைடு சிம்பலை ஸ்டிக்கின் நுனியால் தட்டினால் ‘டிங்’ என்று ஒரு தெளிவான அடி கேட்கும். அதன் பின்னால் மெல்லிய ரீங்காரம் ஒன்று வந்து கரைந்துபோகும். ரிவிட் போட்ட சிம்பலில் அதே ‘டிங்’தான் வருகிறது. ஆனால் அதைத் தொடர்ந்து ‘ஸ்ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் கிளம்புகிறது. சூடான கல்லில் தண்ணீர் தெளித்தால் எழுமே, அந்த மாதிரி. முதலில் அடர்த்தியாக, பிறகு துளித்துளியாகப் பிரிந்து, கடைசியில் ஒரே ஒரு ஆணி ‘டிக், டிக்’ என்று முனகிவிட்டு நிற்கும். இந்த வகைச் சிம்பலுக்கு சிஸில் சிம்பல் என்று பெயர்.

உலகத்தில் வேறு எங்கே பார்த்தாலும் ரிவிட்டின் வேலை இறுகப் பிடிப்பது. இரும்புப் பாலம், கப்பல், விமானத்தின் இறக்கை, ஜீன்ஸ் பேன்ட்டின் பாக்கெட் மூலை என்று எங்கே இருந்தாலும் இரண்டு பொருளை அசையவிடாமல் சேர்த்து வைப்பதற்காகத்தான் அது இருக்கிறது. சிம்பலில் இருக்கும் ரிவிட் எதையும் பிடிப்பதில்லை. ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் கீழே விழுந்துவிடக் கூடாது. மேலே தலை, கீழே விரிந்த கால், நடுவில் ஓட்டையைவிட ஒல்லியான தண்டு. அவ்வளவுதான் அதன் உடம்பு. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் முதன்முதலாகப் போட்ட மூன்று ரிவிட்டையும் சுத்தியலால் நன்றாகத் தட்டி இறுக்கிவிட்டேன். ஆசையாக எடுத்துத் தட்டினால் சீறலும் இல்லை, அடித்த பிறகு நீடிக்கும் பழைய கார்வையும் இல்லை. ஓரத்தில் மூன்று பொட்டு வைத்த தட்டு, அவ்வளவுதான்.

தளர்ந்து நிற்பதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால் எங்கே ஓட்டை போடுவது, எத்தனை போடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஆணி ஏன் துள்ளுகிறது?

நல்ல சிம்பல்கள் பெரும்பாலும் வெண்கலம். 80 சதவீதம் செம்பும் 20 சதவீதம் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் பேர்போனது. 92-க்கு 8 என்ற கலவையும் புழக்கத்தில் உண்டு. நடுவில் எழும்பி நிற்கும் குமிழ், அதைச் சுற்றிச் சரிந்து இறங்கும் உடல், கடைசியில் மெலிந்த ஓரம். குமிழின் நடு ஓட்டையில் மட்டும்தான் ஸ்டாண்டில் மாட்டியிருக்கிறது. மற்றபடி முழுத் தட்டும் அந்தரத்தில் நிற்கிறது. தட்டினால் மேலும் கீழுமாகப் பல விதமாக நெளியும். பலமாக ஒரு அடி விழுந்தால் ஓரம் சில மில்லிமீட்டர் ஆடுவது கண்ணுக்கே தெரியும்.

இப்போது அந்த ஓரத்தில் ஒரு ரிவிட் உட்கார்ந்திருக்கிறது. தட்டு மேலே போனால் ரிவிட்டைத் தூக்கிக்கொண்டு போகும். தட்டு கீழே இறங்கும்போதுதான் சிக்கல். ரிவிட்டைக் கீழே இழுக்க யாரும் இல்லை. தன் எடையில் அது தானாக விழ வேண்டும். தானாக விழும் பொருள் புவியீர்ப்பு தரும் முடுக்கத்துக்கு மேல் விழ முடியாது. அதாவது ஒவ்வொரு விநாடிக்கும் அதன் வேகம் விநாடிக்கு 9.8 மீட்டர் கூடும், அதற்கு மேல் கூடாது. சிம்பல் அதைவிட விறுவிறுவென்று இறங்கிவிட்டால் ரிவிட் அந்தரத்தில் நின்றுவிடும். அதற்குள் தட்டு திரும்பி மேலே வந்து ரிவிட்டின் தலையில் மோதும். ‘டிக்’. மோதிய வேகத்தில் ரிவிட் இன்னும் கொஞ்சம் எகிறும், மறுபடி விழும், மறுபடி மோதும்.

இதற்குத் தட்டு எவ்வளவு ஆட வேண்டும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 40 தடவை என்ற மெதுவான அதிர்வில் ஓரம் நடுநிலையிலிருந்து சுமார் 0.15 மில்லிமீட்டர் நகர்ந்தாலே ரிவிட் கிளம்பிவிடும். 100 தடவை என்றால் 0.025 மில்லிமீட்டர் போதும். 400 தடவை அதிரும்போது 0.0016 மில்லிமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் மிகச் சின்ன ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத, விரலுக்கும் தட்டுப்படாத அசைவை ரிவிட் பிடித்துக்கொண்டு நமக்குச் சத்தமாகச் சொல்கிறது. ரிவிட் போட்ட சிம்பலின் கார்வை நீண்டுவிட்டதாகக் காதுக்குத் தோன்றுவது இதனால்தான். இன்னொன்றையும் கவனிக்கலாம். சீறல் படிப்படியாகக் கரைந்து சூன்யமாவதில்லை. அசைவு அந்த எல்லைக்குக் கீழே போனதும் ஆணி நின்றுவிடும். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதன் பிறகும் சிம்பல் மட்டும் தனியாக முனகுவது கேட்கும்.

ஒவ்வொரு மோதலும் உலோகத்தின்மேல் உலோகம் விழும் ஒரு குட்டி அடி. மிகக் குறுகிய அடி என்பதால் அதில் உச்ச ஸ்தாயி ஓசைகள் நிறைய இருக்கும். ஆறு ரிவிட் இருந்தால் ஆறும் ஆறு நேரத்தில் விழும்; ஒரு ரிவிட்டே கூட ஒழுங்கான இடைவெளியில் விழாது. அதிரும் தட்டின்மேல் துள்ளும் பந்து ஒன்றை இயற்பியல்காரர்கள் ஒழுங்கின்மைக்குப் பாடப்புத்தக உதாரணமாகவே வைத்திருக்கிறார்கள். இந்த ஒழுங்கில்லாத டிக்குகள் ஆயிரக்கணக்கில் சேரும்போது காது அவற்றைத் தனித்தனியாக எண்ணாது, ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஸ்னேர் டிரம்மின் அடித்தோலில் கம்பிச் சுருள்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். தம்புராவின் தந்திக்கடியில் நூல் வைத்துச் சுநாதம் எடுப்பதும் தூரத்துச் சொந்தம்: தொட்டும் தொடாமலும் நிற்கும் ஒரு பொருள், ஓசைக்கு மேல் இன்னொரு ஓசையைக் கூட்டுகிறது.

கனமான ரிவிட்டைக் கிளப்ப அதிகப் பலம் வேண்டும் என்று பலரும் நினைப்பதுண்டு. கிளம்புவதைப் பொறுத்தவரை எடைக்கு வேலை இல்லை; விழும் பொருள் எல்லாம் ஒரே முடுக்கத்தில்தான் விழும். ஆனால் கனத்தின் விளைவு வேறு இரண்டு இடத்தில் தெரியும். மோதல் பலமாகக் கேட்கும். அதோடு சிம்பலின் அதிர்வையும் அது கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். ரிவிட் தன் பங்குக்குப் புதிதாக எந்தச் சக்தியையும் கொண்டுவருவதில்லையே. ஸ்டிக் கொடுத்த சக்தியைத்தான் சிம்பலிடமிருந்து கடன் வாங்கிச் சீறலாகச் செலவழிக்கிறது. ரிவிட்டுகளை ஏற்றிக்கொண்டே போனால் சீறல் பெருகும், சிம்பலின் சொந்தக் குரல் மங்கும்.

எங்கே, எத்தனை?

1787-இல் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர், உலோகத் தகட்டின்மேல் மணலைத் தூவி அதன் ஓரத்தை வயலின் வில்லால் இழுத்தால் மணல் அழகழகான கோடுகளாக ஒதுங்கும் என்று காட்டினார். தகடு ஆடும் இடங்களிலிருந்து மணல் துள்ளி வெளியேறி, ஆடாத இடங்களில் போய்ச் சேர்கிறது. சிம்பலிலும் ஒவ்வொரு அதிர்வு விதத்துக்கும் இப்படி ஆடாத கோடுகள் உண்டு. அந்த மணலும் நம் ரிவிட்டும் துள்ளுவது ஒரே காரணத்தால்தான். என்ன, மணலால் ஓடிப்போக முடியும், ரிவிட்டுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஆகவே ஆடும் இடமாகப் பார்த்து நாம்தான் அதை உட்கார வைக்க வேண்டும்.

சிம்பலில் அதிகம் ஆடுவது வெளி ஓரம். அதற்காக ஓரத்தை ஒட்டியே ஓட்டை போட்டுவிடக் கூடாது. மெலிந்த இடம், ஸ்டிக்கின் உடல் பலமாக விழும் இடம், விரிசல் கிளம்பவும் பிடித்தமான இடம். பொதுவாக ஓரத்திலிருந்து 1 அங்குலம் முதல் 1½ அங்குலம் வரை உள்ளே தள்ளிப் போடுவார்கள். குமிழை நெருங்க நெருங்க ஆட்டம் குறையும், ரிவிட்டும் சோம்பேறியாகிவிடும்.

எண்ணிக்கையில் ஒற்றை ரிவிட் முதல் இருபது வரை உண்டு. சிம்பல் தயாரிக்கும் ஸில்ஜியன் நிறுவனத்தின் 22 அங்குல ஸ்விஷ் நாக்கர் என்ற சிம்பலின் ஓரத்தைச் சுற்றி 20 ரிவிட்டுகள் இருக்கும். ஓரம் தலைகீழாக மடிந்த சீன வகைச் சிம்பல் அது. பெரிய இசைக்குழுவில் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக முழங்கும்போது அதற்கடியில் ஒரு விரிப்பு மாதிரி பரவிக் கிடக்கும் அதன் ஓசை. 1966-இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் டிரம்பெட் கலைஞர் தேட் ஜோன்ஸோடு சேர்ந்து ஒரு பெரிய ஜாஸ் குழுவைத் தொடங்கிய டிரம்மர் மெல் லூயிஸின் பெயரை இந்தச் சிம்பலோடு சேர்த்தே சொல்வார்கள். தனியாளாக அறையில் தட்டிப் பார்த்தால் அதே சிம்பல் குப்பைத்தொட்டி மூடி போலக் கேட்கும். குழு வேண்டும் அதற்கு.

நம் மாதிரி ஆட்களுக்கு இருபது தேவையில்லை. வட்டத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் ஆறு என்பது ரொம்ப நாளாக இருந்துவரும் வழக்கம். சீறல் எல்லாப் பக்கமும் சீராக இருக்கும். இன்னொரு முறையில் மூன்றை மட்டும் ஒரே பக்கத்தில் இரண்டு அங்குல இடைவெளி விட்டுக் கொத்தாகப் போடுவார்கள். எனக்கு இந்தக் கொத்துதான் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் கனம் கூடுவதால் சிம்பல் தானாகச் சுழன்று, கொத்து இருக்கும் பக்கம் தாழ வந்து நிற்கும். ஒவ்வொரு ரிவிட்டும் ஒரு கிராம் அளவுதான், ஆனாலும் அவ்வளவு நுணுக்கமாகச் சமநிலையில் நிற்கிறது சிம்பல். எப்போதும் ஒரே நிலையில் வந்து நின்றால் நீங்கள் அடிக்கும் இடமும் மாறாது, ஓசையும் மாறாது. ஓரிரண்டு ரிவிட் மட்டும் என்றால் அது கிசுகிசுப்பு. பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும், ஆனால் அந்தப் பாதி போதுமானதாக இருக்கும்.

எல்லாச் சிம்பலுக்கும் இது பொருந்தாது. 18 முதல் 22 அங்குலம் வரை உள்ள, மெல்லியதோ நடுத்தரமோ ஆன ரைடு, அல்லது அழுத்தம் கொடுக்க ஓங்கி அடிக்கும் கிராஷ் நன்றாக நெளியும். ரிவிட்டுக்கு நல்ல வீடு. தடித்த கனமான ரைடு விறைப்பானது, மெதுவாகத் தட்டினால் ரிவிட்டை எழுப்பாது. குட்டி ஸ்பிளாஷ் சிம்பல் எழுப்பும், ஆனால் ரிவிட் கண் விழிப்பதற்குள் தானே தூங்கிவிடும்.

இசையின் வேகத்தையும் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 60 அடி என்றால் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் ஒரு விநாடி இடைவெளி. அந்த வெற்றிடத்தைச் சீறல் நிரப்பும்போது மெதுவான பாட்டு உயிரோடு நகர்வது போல இருக்கும். 240-க்குப் போனால் கால் விநாடிதான். முந்தைய அடியின் சீறல் முடிவதற்குள் அடுத்தது வந்து மேலே விழும். எல்லாம் கலந்து ஒரே இரைச்சலாகிவிடும். பாடகரோடு ஒலிப்பதிவு செய்யும்போது இன்னொரு தொல்லை உண்டு. ‘ஸ’, ‘ஷ’ போன்ற எழுத்துகளின் கூர்மை எந்த அதிர்வெண்களில் இருக்கிறதோ, ரிவிட்டின் சீறலும் அங்கேதான் குடியிருக்கிறது. ஒலிப்பொறியாளர் முகம் சுளித்தால் கோபித்துக்கொள்ள முடியாது.

ஓட்டை போடாமலே கேட்டுப் பார்க்க

டிரில்லை எடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். வாஷ்பேசின் அடைப்பானில் மாட்டியிருக்குமே, சின்னச் சின்னக் குண்டுகளாகக் கோத்த சங்கிலி, அதில் ஒரு சாண் போதும். ஒரு முனையைச் சிம்பலின் மேல் இருக்கும் இறக்கைத் திருகுக்கடியில் மாட்டிவிட்டு, மீதியைச் சரிவில் படியவிடுங்கள். மறுமுனை ஓரத்துக்கு ஒரு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். ஓரத்தைத் தாண்டித் தொங்கினால் ஊஞ்சலாடி, நினைத்த நேரத்தில் இடிக்கும். இந்த வேலைக்கென்றே செய்த சங்கிலிகளும், சிம்பலின்மேல் கை நீட்டிப் படுத்திருக்கும் உலோகக் கருவிகளும் சிஸ்லர் என்ற பெயரில் விற்கின்றன.

இன்னும் எளிய வழி, ஒரு நாணயம். அதன் ஒரு விளிம்பில் மட்டும் டேப்பை ஒட்டி, டேப்பின் மறுபாதியைச் சிம்பலில் ஒட்டுங்கள். கதவின் கீல் போல நாணயம் ஒரு பக்கம் எழும்பி விழ முடிய வேண்டும். முழுவதையும் அமுக்கி ஒட்டினால் என் சுத்தியல் கதைதான்.

சங்கிலியின் ஓசை ரிவிட்டின் ஓசைக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. ஆனால் சங்கிலி குமிழிலிருந்து ஓரம் வரை நீளமாகப் படுத்திருப்பதால் சிம்பலைக் கூடுதலாக அமுக்கும். கார்வை கொஞ்சம் சீக்கிரம் வறண்டுவிடும். பலமாக அடித்தால் இடம் மாறியும் போகும். பதிலுக்கு, ஒரு பாட்டுக்கு மாட்டி அடுத்த பாட்டுக்குக் கழற்றிவிடலாம். நிறைய டிரம்மர்கள் ஆயுள் முழுக்கச் சங்கிலியோடே நின்றுவிடுகிறார்கள். அதில் தவறே இல்லை என்றுதான் சொல்வேன். ஒரு மாதம் சங்கிலியோடு வாசித்த பிறகும் அதைக் கழற்ற மனம் வரவில்லை என்றால் அப்போது டிரில்லைப் பற்றி யோசிக்கலாம்.

டிரில்லைக் கையில் எடுத்தால்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டை விழுந்த சிம்பலுக்கு வாரண்டியை எதிர்பார்க்காதீர்கள். விற்கப் போனாலும் விலை குறையக்கூடும். எனவே இருப்பதிலேயே நல்ல சிம்பலில் கை வைக்க வேண்டாம். மூலையில் கிடக்கும், ‘இதில் ஏதோ குறைகிறதே’ என்று தோன்றவைத்த சிம்பல் ஒன்று எல்லோரிடமும் இருக்கும். அதை எடுங்கள். விரிசல் இருக்கிறதா என்று ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

ரிவிட்டுகளில் பித்தளைதான் சாதாரணமாகக் கிடைப்பது, ஓசையும் மிதமானது. எஃகு ரிவிட் கூர்மையாகச் சீறும். வெண்கலத்தைவிடக் கடினம் என்பதால் ஓட்டையை நாளடைவில் அரித்தும்விடும். செம்பு இன்னும் கொஞ்சம் மென்மை. அடிப்பக்கம் இரண்டாகப் பிளந்த கால்களோடு வரும் ரிவிட் வீட்டில் போடுவதற்கு வசதியானது. தண்டு 3.2 மில்லிமீட்டர் என்றால் ஓட்டை 3.5-க்குக் குறையக் கூடாது, 4 வரை போகலாம். இதைவிடச் சின்னதானால் ரிவிட் சிக்கும். ரொம்பப் பெரிதானால் தலையே உள்ளே போய்விடப் பார்க்கும்.

ஆறு ஓட்டைக்கு இடம் குறிக்க அளவுகோலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சிம்பலை ஒரு பெரிய தாளில் கவிழ்த்து ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டிக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தை ஒரு முறை பாதியாக மடித்து, அந்தப் பாதியை மூன்றாக மடித்துப் பிரித்தால் ஆறு மடிப்புக் கோடுகள் சம இடைவெளியில் இருக்கும். தாளை மறுபடி சிம்பலோடு பொருத்தி, கோடுகள் ஓரத்தைத் தொடும் இடங்களைக் குறித்து, அங்கிருந்து 1¼ அங்குலம் உள்ளே வந்து புள்ளி வையுங்கள். சரிதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு வட்டத்தை ஆறாகப் பிரித்தால் அடுத்தடுத்த புள்ளிகளின் தூரமும் மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்குள்ள தூரமும் ஒன்றாகவே இருக்கும். 20 அங்குலச் சிம்பலில் 1¼ உள்ளே வந்தால் இரண்டும் 8¾ அங்குலம். தாளின்மேல் அளந்தால் அப்படியே வரும்.

குறித்த இடத்தில் மறைப்பு டேப் ஒட்டி, சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை எஃகுக் கம்பியை வைத்து லேசாக ஒரு தட்டு. ஒரு கடுகு உட்காரும் அளவு பள்ளம் விழுந்தால் போதும். இந்தப் பள்ளத்தை அலட்சியம் செய்ததற்கான அத்தாட்சி என் சிம்பலில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலான சிம்பல்களில் லேத்தில் கடைந்த மெல்லிய வரிகள் வட்டவட்டமாக ஓடும். பள்ளம் இல்லாமல் டிரில்லை வைத்து முடுக்கினேன். நுனி ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் ஏறிய மாதிரி வழுக்கி ஓடியது. ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். ஓசையில் ஒன்றும் குறையவில்லை. வெளிச்சம் பட்டால் கண்ணில்தான் குத்துகிறது.

சிம்பலுக்கு அடியில், துளை விழும் இடத்தை ஒட்டி ஒரு மரக்கட்டையை வைத்து, தட்டு சுழலாதபடி பிடிமானம் செய்துகொள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். கையுறை வேண்டாம், டிரில்லில் சுழலும் பிட் என்ற துளைக்கும் அலகு துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். முதலில் 2 மில்லிமீட்டர் பிட், அப்புறம் உரிய அளவு. வேகம் குறைவாக, அழுத்தம் நிதானமாக, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு. வெள்ளீயம் அதிகமுள்ள வெண்கலம் கடினமானது, கூடவே நொறுங்கும் குணமும் உண்டு. அடியில் வெளிவரும் கடைசி நொடியில் பிட் உலோகத்தைக் கவ்வி விருட்டென்று இழுக்கப் பார்க்கும். அந்த இடத்தில் அழுத்துவதை நிறுத்திவிட்டு, அது தானாக அரித்துக்கொண்டு வெளியே வரட்டும் என்று விட வேண்டும். புதுப் பிட்டாக இருந்தால் சுருள் சுருளாகவோ பொடியாகவோ உலோகம் வரும். புகை வந்தால் பிட் மழுங்கிவிட்டது, நிறுத்துங்கள்.

ஓட்டை விழுந்த பிறகு பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரிந்து மிக முக்கியமானதும் அதுதான். ஓட்டையின் விளிம்பில், குறிப்பாக அடிப்பக்கம், பிசிறு நிற்கும். அதை மேலும் கீழும் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். ஓட்டையைவிடப் பெரிய பிட் ஒன்றைக் கையில் பிடித்து இரண்டு திருப்பு திருப்பினால் விளிம்பு மழமழவென்று வந்துவிடும். இழுபடும் ஒரு தகட்டில் வட்ட ஓட்டை இருந்தால், அதன் விளிம்பில் இழுவிசை மற்ற இடத்தைப் போல மூன்று மடங்காகக் குவியும் என்பது பொறியியலில் பழைய கணக்கு. வழுவழுப்பான வட்டத்துக்கே அப்படி. அதில் கூரான ஒரு பிசிறும் சேர்ந்தால் விரிசலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. வேடிக்கை என்னவென்றால், ஏற்கெனவே விரிசல் விட்ட சிம்பலில் அது மேலும் ஓடாமல் தடுக்கவும் அதே ஓட்டையைத்தான் போடுவார்கள், விரிசலின் நுனியில். ஊசி போலக் கூரான நுனியைவிட வட்டம் எவ்வளவோ மேல்.

கடைசியில் ரிவிட். தலை மேலே இருக்கும்படி நுழைத்து, அடியில் எட்டிப் பார்க்கும் இரண்டு கால்களையும் குறடால் மெதுவாக வெளிப்பக்கம் விரியுங்கள். வெளியே உருவி வராத அளவுக்கு விரிந்தால் போதும். மடித்துத் தட்டோடு படுக்க வைக்க வேண்டாம். தலையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிவிட்டால் மேலே போய்த் தானாக விழ வேண்டும், பக்கவாட்டிலும் கொஞ்சம் ஆட வேண்டும். சிம்பலைக் கையில் எடுத்துச் சாய்த்தால் ‘சலக்’ என்று கேட்கிறதா? சரி.

முதல் ரிவிட் போட்டதுமே ஸ்டாண்டில் மாட்டிக் கேளுங்கள். இரண்டாவது போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். ஆறு ஓட்டை குறித்துவிட்டோமே என்பதற்காக ஆறையும் துளைத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சேர்ப்பது எளிது, துளைத்த பிறகு ஓட்டையை மூட வழியில்லை.

ஆண்டுக்கணக்கில் வாசித்தால் ரிவிட்டின் தண்டு தேயும், கால்கள் மெல்ல ஒன்றையொன்று நெருங்கும். ஒருநாள் வாசிப்பின் நடுவில் எகிறித் தரையில் விழுந்து ஓடும். இரண்டு மூன்று உதிரி ரிவிட்டுகளை ஸ்டிக் பைக்குள் போட்டு வைத்திருந்தால் குறடு ஒன்றே போதும், ஐந்து நிமிட வேலை. சீறல் சலித்துவிட்டால் கால்களை நேராக்கி எல்லாவற்றையும் உருவிவிடலாம். வெற்று ஓட்டைகளோடு சிம்பல் ஏறக்குறைய பழைய குரலுக்கே திரும்பிவிடும். பெரிய வித்தியாசத்தை என் காது கண்டதில்லை. என்னுடைய சிம்பலில் சுத்தியலுக்கு இரையான அந்த மூன்றையும் பிடுங்கிவிட்டு இரண்டே இரண்டை மறுபடி தளர்வாக மாட்டினேன். மூன்றாவது ஓட்டை காலியாகத்தான் இருக்கிறது. உதிரி ரிவிட் பையிலேயே கிடக்கிறது, அதை மாட்ட இதுவரை தோன்றவில்லை.